கோதுமையை விலக்கிய குழந்தைகள்: சீலியாக் நோய்க்கான மாற்று உணவின் வரலாறு

சீலியாக் நோய் என்பது கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள குளூட்டன் என்னும் பசைப்புரதத்தால் சிறுகுடல் சிதைவுறும் நோய். இதைப் பொதுவழக்கில் 'கோதுமை ஒவ்வாமை' என்று சொல்வதுண்டு. மருத்துவம் இவ்விரண்டையும் வேறு வேறாகவே கொள்கிறது. கோதுமை ஒவ்வாமையில், உண்ட சிறிது நேரத்திலேயே தடிப்பு, வீக்கம், மூச்சுத்திணறல் போன்றவை தோன்றலாம். சீலியாக் நோயோ தன்னுடல் தாக்குநோய்களுள் ஒன்று. உடலின் எதிர்ப்பாற்றல் குளூட்டனை எதிர்க்கப் புறப்பட்டுத் தன் குடலையே தாக்குகிறது. சேதம் மெல்ல மெல்ல, மாதக்கணக்கில் நிகழ்கிறது. பால் குடித்தால் வயிறு உப்புவது மூன்றாவது வகை. அது பால்சர்க்கரையைச் செரிக்கும் நொதி குறைவதால் வருவது. எதிர்ப்பாற்றலுக்கு அதில் பங்கில்லை.

சீலியாக் நோய்க்கு இன்றும் நடைமுறையில் உள்ள சிகிச்சை ஒன்றுதான்: குளூட்டன் உள்ள உணவை வாழ்நாள் முழுவதும் நீக்கி, வேறு உணவை அதனிடத்தில் வைப்பது. கேட்க எளிதாக இருக்கும் இந்த ஒரு வரியை மருத்துவ உலகம் கண்டடைய, நோய் முறையாக விவரிக்கப்பட்ட பின்னும் அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. இடைப்பட்ட காலத்தில் குழந்தைகள் பலர் இறந்தனர்.

சாமுவேல் ஜீயின் உரை

நோயின் பெயர் மிகப் பழையது. கி.பி. முதல் அல்லது இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க மருத்துவர் கப்படோக்கியாவின் அரெட்டேயஸ், உண்டது செரிக்காமல் வெளியேறி உடல் மெலியும் ஒரு நிலையை விவரித்தார். வயிற்றைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லான 'கொய்லியா'விலிருந்து அவர் இட்ட பெயரே 'சீலியாக்' என்று திரிந்து நிற்கிறது.

நவீன வரலாறு லண்டனில் தொடங்குகிறது. கிரேட் ஆர்மண்ட் தெருவிலுள்ள குழந்தைகள் மருத்துவமனையில் 1887 அக்டோபரில் சாமுவேல் ஜீ என்ற மருத்துவர் ஓர் உரை நிகழ்த்தினார். அது 1888இல் அச்சானது. ஒன்று முதல் ஐந்து வயதுவரையுள்ள குழந்தைகளை இந்நோய் அதிகம் பிடிக்கிறது. மலம் வெளிறி, அளவில் மிகுந்து, துர்நாற்றத்துடன் கழிகிறது. கை கால்கள் சூம்ப, வயிறு மட்டும் உப்புகிறது என்று அவர் எழுதினார். குணமாக வழி இருந்தால் அது உணவின் வழியாகத்தான் இருக்கும் என்பது அவர் முடிவு. திசை சரி.

எந்த உணவு என்பதில்தான் சிக்கல். மாவுப்பொருள் குறைவாக இருக்க வேண்டும் என்று கருதிய ஜீ, அரிசி, ஜவ்வரிசி, சோளமாவு ஆகியவற்றைத் தகாதவை என ஒதுக்கினார். மெல்லியதாக வெட்டி இருபுறமும் நன்றாக வாட்டிய ரொட்டியை அனுமதித்தார். அதாவது, தீங்கற்ற அரிசியைத் தடுத்து, தீங்கு செய்யும் கோதுமையைத் தட்டில் விட்டுவைத்தார்! இன்று இதைப் படிப்பவருக்குத் திகைப்பாக இருக்கும். ஆனால் அதே கட்டுரையில் விடையின் நிழலும் இருக்கிறது. நாள்தோறும் ஒரு குவார்ட்டு, அதாவது லிட்டருக்குச் சற்று மேலான அளவு, டச்சு நாட்டுச் சிப்பி ஊட்டப்பட்ட ஒரு குழந்தை வியக்கும்படி தேறியதையும், சிப்பிப் பருவம் முடிந்ததும் நோய் திரும்பியதையும் அவர் பதிவு செய்தார். அடுத்த பருவத்தில் அந்தக் குழந்தை சிப்பியைத் தொட மறுத்துவிட்டது. சிப்பி மருந்தாக இருந்ததனால் அல்ல, வயிறு நிறையச் சிப்பி தின்ற குழந்தையால் ரொட்டி தின்ன முடியாததனால்தான் தேறியது என்று நாம் இப்போது ஊகிக்கலாம்.

எல்லா உணவும் குற்றவாளி

ஜீக்குப் பின் வந்தவர்கள் ஏன் இவ்வளவு காலம் தடுமாறினர் என்பதற்கு நோயின் தன்மையிலேயே விளக்கம் உண்டு. சிறுகுடலின் உட்சுவரில் விரல்போல நீண்டிருக்கும் குடலுறிஞ்சிகள்தான் செரித்த உணவை உறிஞ்சுகின்றன. சீலியாக் நோயில் அவை மழுங்கித் தட்டையாகின்றன. அதன்பின் எது உள்ளே போனாலும் பாதிதான் சேரும். கொழுப்பு கொடுத்தால் மலத்தில் கொழுப்பாகவே வரும். பால்சர்க்கரையைச் செரிக்கும் நொதி குடலுறிஞ்சிகளின் முனையில் சுரப்பதால், பால் கொடுத்தால் வயிறு பொருமும். மாவுப்பொருள் கொடுத்தால் நுரைத்துக் கழியும். ஆகவே கொழுப்பைப் பழித்தவருக்கும் பாலைப் பழித்தவருக்கும் மாவைப் பழித்தவருக்கும் கண்முன்னே சான்று இருந்தது. வீட்டுக் கூரை ஒழுகும்போது விழும் ஒவ்வொரு சொட்டையும் குற்றம் சொல்வதுபோல.

நியூயார்க்கின் கிறிஸ்டியன் ஹெர்ட்டர் 1908இல் குடல் கிருமிகளே காரணம் என்றார். கொழுப்பைவிட மாவுப்பொருளே அதிகம் ஒத்துக்கொள்வதில்லை என்ற அவரது கவனிப்பு மட்டும் நிலைத்தது. நோய்க்கு 'ஜீ-ஹெர்ட்டர் நோய்' என்ற பெயரும் வழங்கியது. 1921இல் ஜான் ஹௌலண்ட் மாவுப்பொருளைக் கடைசியாக, மிக மெதுவாகச் சேர்க்கும் மூன்று கட்ட உணவுமுறையை வகுத்தார். குழந்தைகள் மாதக்கணக்கில் மருத்துவமனையில் கிடந்து தேறுவதும், வீடு திரும்பி ரொட்டி தின்று மீண்டும் படுப்பதுமாக இருந்தனர்.

வாழைப்பழ உணவு

1924இல் நியூயார்க் குழந்தை மருத்துவர் சிட்னி ஹாஸ் வெளியிட்ட கட்டுரை பெற்றோருக்கு முதல் பெரிய நம்பிக்கையைக் கொடுத்தது. போர்ட்டோ ரிக்கோவில் ரொட்டி அதிகம் உண்ணும் நகரவாசிகளுக்குக் குடல் உறிஞ்சல் கெடும் 'ஸ்ப்ரூ' நோய் வருகிறது, வாழைப்பழத்தையே பெரிதும் உண்டு வாழும் உழவர்களுக்கு வருவதில்லை என்ற செய்தி அவர் கவனத்தை ஈர்த்தது. சீலியாக் நோயுற்ற பத்துக் குழந்தைகளைப் பற்றி அவர் எழுதினார். வாழைப்பழ உணவு பெற்ற எட்டுப் பேர் தேறினர். பெறாத இருவர் இறந்தனர். ஒரு நாளைக்கு நான்கு முதல் எட்டு வாழைப்பழம், பால், தயிர்க்கட்டி, இறைச்சி, காய்கறி என்பது அவர் திட்டம். ரொட்டி, பிஸ்கட்டு, உருளைக்கிழங்கு, எல்லாத் தானியங்களும் விலக்கு.

விலக்குப் பட்டியலில்தான் மருந்து இருந்தது. ஹாஸ் அதைப் பழத்தில் தேடினார். வாழைப்பழத்தில் மாவைச் சர்க்கரையாக மாற்றும் தனி ஆற்றல் இருப்பதாக நம்பினார். அவரைக் குறைத்து மதிப்பிடத் தேவையில்லை. காரணம் பிழையானாலும் அவர் முறை பிள்ளைகளைப் பிழைக்க வைத்தது. முப்பது ஆண்டுகளுக்கு அமெரிக்காவில் அதுவே வழக்கமான சிகிச்சையாக நின்றது. ஆனால் பிழையான காரணத்துக்கு ஒரு விலை இருந்தது. பழம் குணப்படுத்திவிட்டது என்று எண்ணியதால், தேறிய குழந்தை பிறகு எல்லாரையும்போல உண்ணலாம் என்று சொல்லப்பட்டது. வளர்ந்தபின் கோதுமைக்குத் திரும்பிய அவர்களின் குடல் சத்தமின்றி மீண்டும் சிதையத் தொடங்கியது. 1951இல் மகனுடன் சேர்ந்து எழுதிய நூலிலும் ஹாஸ் தம் கருத்தை விடவில்லை. அப்போது நெதர்லாந்தில் விடை கிடைத்துவிட்டிருந்தது.

டிக்கேயும் பசிக் குளிர்காலமும்

வில்லெம் கரேல் டிக்கே (1905–1962) தி ஹேக் நகரின் யூலியானா குழந்தைகள் மருத்துவமனையில் பணியாற்றியவர். 1936இல், முப்பத்தொன்றே வயதில், அதன் இயக்குநரானார். ரொட்டியை நிறுத்தியபோது தன் குழந்தை தேறியதாக ஒரு தாய் சொன்னதிலிருந்து அவருக்குக் கோதுமைமீது சந்தேகம் விழுந்தது என்பர். 1930களின் நடுப்பகுதியிலேயே கோதுமையற்ற உணவை அவர் சோதிக்கத் தொடங்கிவிட்டார். 1941இல் டச்சு மருத்துவ இதழில் அதைப் பற்றி எழுதினார். நாடு ஜெர்மானியர் பிடியில் இருந்தது. கட்டுரையோ டச்சு மொழியில். வெளியுலகம் படிக்கவில்லை.

இதன்பின் வந்தது 1944–45இன் 'பசிக் குளிர்காலம்'. நேசநாட்டுப் படைகளுக்குத் துணையாக டச்சு ரயில்வே தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். அதற்குப் பழிவாங்க ஜெர்மானியர் மேற்கு நெதர்லாந்துக்கான உணவுப் போக்குவரத்தைத் தடுத்தனர். தடை பின்னர் தளர்ந்தபோது கால்வாய்கள் உறைந்து படகுகள் நின்றன. நகரங்களில் ஒரு ஆளுக்குக் கிடைத்த பங்கீடு நாளுக்கு ஆயிரம் கலோரிக்கும் கீழே இறங்கியது. மக்கள் சர்க்கரைக் கிழங்கையும் துலிப் மலர்ச்செடியின் கிழங்கையும் வேகவைத்துத் தின்றனர். ஏறத்தாழ 20,000 பேர் இறந்தனர்.

ஊரே மெலிந்துகொண்டிருந்தபோது சீலியாக் நோயுற்ற குழந்தைகளின் வயிறு மட்டும் அமைதியாக இருந்தது. அவர்கள் தின்றதும் கிழங்குதான், ரொட்டி இல்லை. 1945இல் நிவாரணமாக வெள்ளை ரொட்டி வந்ததும் அவர்களுக்கு நோய் திரும்பியது. பஞ்சத்தில்தான் டிக்கேக்கு முதன்முதலாக எண்ணம் உதித்தது என்று இந்தக் கதை பெரும்பாலும் சொல்லப்படுகிறது. அது சரியல்ல. எண்ணம் பத்தாண்டு பழையது. எந்த மருத்துவரும் மனமறிந்து செய்யக்கூடாத ஒரு சோதனையைப் போர் செய்து காட்டியது, அவ்வளவே.

டிக்கே கதையோடு நிற்காததுதான் அவரது பெருமை. சில குழந்தைகளை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து, கோதுமையை நிறுத்தியும் சேர்த்தும் அவர்கள் எடையை வரைபடமாக்கினார். கோதுமை இருந்த காலத்தில் கோடு படுத்தது, இல்லாத காலத்தில் ஏறியது. 1950இல் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் இதை முனைவர் பட்ட ஆய்வேடாக அளித்தார். உயிர்வேதியியலாளர் வான் டெ காமர் மலத்தில் கொழுப்பை அளக்க எளிய முறை ஒன்றை உருவாக்கியிருந்தார். அவரும் குழந்தை மருத்துவர் வெய்யர்சும் டிக்கேயுடன் சேர்ந்து, தானியத்துக்குத் தானியம் அளந்தனர். கோதுமையும் ரையும் கொழுப்பு உறிஞ்சலைக் கெடுத்தன. அரிசி, மக்காச்சோளம், உருளைக்கிழங்கு கெடுக்கவில்லை. ஜீயின் பட்டியல் அப்படியே தலைகீழானது.

மாவைக் கழுவியபோது

கோதுமையில் எது? இங்கிலாந்தின் பர்மிங்காமில் ஷார்லட் ஆண்டர்சனும் அவர் குழுவினரும் 1952இல் இதற்குப் பதில் தந்தனர். கோதுமை மாவைப் பிசைந்து நீரில் கழுவினால் மாவுச்சத்து வெண்பாலாகக் கரைந்து போகும். கையில் ரப்பர்போல ஒரு பசை மிஞ்சும். அதுவே குளூட்டன். இத்தாலியின் பொலோனியாவில் பெக்காரி என்பவர் 1728இலேயே இதைப் பிரித்துக் காட்டியிருந்தார். பர்மிங்காம் குழு மாவுச்சத்தைத் தனியாகவும் பசையைத் தனியாகவும் நோயுற்ற குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தது. மாவுச்சத்து தீங்கு செய்யவில்லை, பசை செய்தது. அறுபது ஆண்டுகளாக மாவுப்பொருள்மீது சுமத்தப்பட்ட பழி நீங்கியது.

திருநெல்வேலி அல்வா கிண்டுவோர் இந்தப் பிரிப்பை நாள்தோறும் செய்கிறார்கள். சம்பா கோதுமையை ஊறவைத்து அரைத்துப் பால் பிழிந்தபின் சக்கையோடு நிற்கும் இழுபடும் பொருளில் இருப்பது இதே குளூட்டன்தான். (இதனால் அல்வா சீலியாக் நோயாளிக்கு ஏற்றது என்று பொருளல்ல. பாலோடு புரதமும் கொஞ்சம் வந்துவிடும். அந்தக் கொஞ்சமே போதும்.)

குடலை நேரில் பார்ப்பது மட்டும் மிச்சமிருந்தது. 1954இல் இங்கிலாந்தின் பாலி, அறுவை சிகிச்சையின்போது எடுத்த குடல் துண்டுகளில் உறிஞ்சிகள் மழுங்கியிருந்ததைக் காட்டினார். அறுக்காமலே வாய்வழி குழாய் விட்டுத் துணுக்கு எடுக்க 1956இல் மார்கோட் ஷைனரும், 1957இல் அமெரிக்க இராணுவ மருத்துவர் கிராஸ்பியும் கருவிகள் அமைத்தனர். பெரியவர்களுக்கும் இதே நோய் உண்டு என்பது உறுதிப்பட்டது. குளூட்டனை நிறுத்தினால் தட்டையான குடல் மீண்டும் விரல் விரித்தது, மறுபடி உண்டால் மழுங்கியது. ஆகவே உணவுக்கட்டுப்பாடு வாழ்நாள் முழுவதற்கும் என்பது அதன்பிறகே உறுதியான அறிவுரையாயிற்று. HLA-டிக்யூ2, டிக்யூ8 மரபணு வகைகள் உள்ளவர்களுக்கே பெரும்பாலும் இந்நோய் வருகிறது என்பதும், எதிர்ப்பாற்றல் குறிவைப்பது திசு டிரான்ஸ்குளூட்டமினேஸ் என்னும் நொதியை என்பதும் (1997) பின்னாளைய கண்டுபிடிப்புகள். இன்று முதலில் செய்யப்படும் இரத்தப் பரிசோதனை அந்த நொதிக்கு எதிரான பொருளைத் தேடுவதே. சோதனைக்கு முன்பே தாமாகக் கோதுமையை நிறுத்திவிட்டால் அந்த எதிர்ப்பொருள் குறைந்து, நோய் இருந்தும் இல்லை என்று முடிவு வரலாம். பலர் செய்யும் தவறு இது.

கடைத்தெருவுக்கு வந்த உணவு

மருத்துவர் 'நிறுத்து' என்பதற்கும் அம்மா அடுப்பில் எதை வைப்பது என்பதற்கும் இடையே பெரிய தூரம். ரொட்டியே உணவாக உள்ள நாடுகளில் அந்தத் தூரத்தை நோயாளிகளின் சங்கங்கள் குறைத்தன. பிரிட்டனில் 1968இல் சீலியாக் சங்கம் அமைந்தது. அதை நிறுவியவர்களுள் ஒருவர் ஆம்னஸ்டி இன்டர்நேஷனலைத் தொடங்கிய பீட்டர் பெனன்சன். அவருக்கே இந்நோய் இருந்தது. எந்த பிஸ்கட்டில் எது கலந்திருக்கிறது என்ற பட்டியல்தான் இத்தகைய சங்கங்களின் பெருந்தொண்டு. குளூட்டன் இல்லா ரொட்டியை மருந்துச்சீட்டில் எழுதித் தரும் வழக்கம் பிரிட்டனில் வந்தது. இத்தாலியில் நோயாளிகளுக்கு அரசு மாதந்தோறும் உதவித்தொகை தருகிறது.

'குளூட்டன் இல்லாதது' என்பதற்கு ஓர் அளவும் வேண்டியிருந்தது. ஒரு கிலோ உணவில் 20 மில்லிகிராமுக்கு மிகாமல் என்பது இன்று உலக உணவுத் தர அமைப்பான கோடெக்சின் வரையறை. இந்தியாவும் அதையே பின்பற்றுகிறது. ஓட்ஸ் மட்டும் நெடுநாள் வழக்கில் நின்றது. முதலில் விலக்கப்பட்டது. பெரும்பாலான நோயாளிகளுக்குத் தூய ஓட்ஸ் தீங்கு செய்வதில்லை என்று 1995இல் பின்லாந்து ஆய்வு காட்டியது. ஆனால் கோதுமை அரைக்கும் ஆலையிலேயே ஓட்சும் அரைபடுவதால் 'தூய' என்ற சொல்லில்தான் கவனம் வேண்டும்.

வடக்கும் தெற்கும்

இது ஐரோப்பியரின் நோய் என்ற எண்ணம் நெடுங்காலம் இருந்தது. 1966இல் வட இந்தியக் குழந்தைகளிடம் சீலியாக் நோய் இருப்பதை வாலியா முதலியோர் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினர். தென்னிந்தியாவில் குடல் உறிஞ்சல் கெட்டு மெலிந்தவர்களுக்குப் பெரும்பாலும் இருந்தது வேறொரு நோய்: வெப்பமண்டல ஸ்ப்ரூ. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் செல்வின் பேக்கரும் மாதனும் வட ஆர்க்காட்டுக் கிராமங்களில் அது கொள்ளைநோய்போலப் பரவியதை ஆராய்ந்தனர். அதற்குக் கோதுமை காரணமல்ல.

2016இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு இந்த வேறுபாட்டை எண்ணாக்கியது. பா. ச. ராமகிருஷ்ணா முதலியோர் நடத்திய அதில் வடக்கு, வடகிழக்கு, தெற்கு ஆகிய மூன்று பகுதிகளிலிருந்து 23,331 பேர் சோதிக்கப்பட்டனர். தெற்கின் களம் வேலூர். சீலியாக் எதிர்ப்பொருள் வடக்கில் 1.23 விழுக்காட்டினரிடமும், தெற்கில் 0.10 விழுக்காட்டினரிடமும் காணப்பட்டது. நோய்க்கு இடந்தரும் மரபணுவோ இரு பகுதிகளிலும் ஏறக்குறைய ஒரே அளவு, மூன்றில் ஒருவருக்குச் சற்று மேல். வேறுபட்டது தட்டு: வடக்கில் ஒருவர் நாளொன்றுக்குச் சராசரியாக 455 கிராம் கோதுமை உண்கிறார், தெற்கில் 25 கிராம்.

இந்த எண்களை ஒரு தமிழ் வாசகர் நிம்மதியோடு மட்டும் படிக்க முடியாது. மரபணு நம்மிடமும் இருக்கிறது, இல்லாதது கோதுமை. அது வந்துகொண்டிருக்கிறது. நீரிழிவு என்று தெரிந்ததும் இரவுச் சோற்றைச் சப்பாத்தியாக மாற்றுவது இங்கே வீட்டுக்கு வீடு நடப்பது. மாலையில் புரோட்டா, காலையில் சேமியா உப்புமா, குழந்தைக்கு ஹார்லிக்ஸ், எல்லாவற்றிலும் கோதுமையோ பார்லியோ உண்டு. இதனால் நோய் பெருகும் என்று அடித்துச் சொல்ல இன்று சான்று போதாது. ஆனால் தீராத வயிற்றுப்போக்கோ, மாத்திரைக்கு மசியாத இரத்தசோகையோ, வளராத குழந்தையோ வரும்போது, 'நாம் சோறு தின்பவர்கள், நமக்கு அது வராது' என்று மருத்துவர் ஒதுக்கிவிடக் கூடாது.

நோய் உறுதியானபின் தமிழ்ச் சமையலறைக்கு மாற்று உணவைத் தேடி அலையும் வேலை அதிகமில்லை. அரிசி, உளுந்து, கேழ்வரகு, கம்பு, சோளம், தினை, சாமை, வரகு, குதிரைவாலி எதிலும் குளூட்டன் இல்லை. இட்லி, தோசை, இடியாப்பம், புட்டு, கூழ் எல்லாம் பிறவியிலேயே மாற்று உணவுகள். ஹாஸ் கப்பலில் வரவழைத்த வாழைப்பழம் நம் கொல்லையில் காய்க்கிறது. சிக்கல் மறைவிடங்களில்தான் இருக்கிறது. ரவா தோசையின் ரவையும் கோதுமையே. உணவகத்தில் புரோட்டா போட்ட கல்லிலேயே தோசையும் வார்க்கிறார்கள். சிறுதானிய மாவு அரைத்துத் தரும் ஆலையில் முன்னவர் அரைத்துச் சென்ற கோதுமையின் மிச்சம் இருக்கும். அதனால் விவரமறிந்த குடும்பங்கள் வீட்டிலேயே அரைத்துக்கொள்கின்றன. பலரும் கடைசியில் கண்டுபிடிப்பது அஞ்சறைப்பெட்டிக்குப் பக்கத்திலிருக்கும் சிறிய டப்பாவை. கடைகளில் விற்கும் கூட்டுப் பெருங்காயம் தூய பிசின் அல்ல. காரத்தைக் குறைக்க அதில் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ சேர்க்கப்படுகிறது. எல்லாம் நிறுத்தியும் குழந்தை தேறாத வீட்டில் நாள்தோறும் சாம்பாரில் அது விழுந்துகொண்டிருக்கலாம். அரிசிமாவு சேர்த்த பெருங்காயம் இப்போது கிடைக்கிறது. டப்பாவைத் திருப்பிப் பின்புறத்துச் சிறிய எழுத்தைப் படித்து வாங்க வேண்டும்.